ஆற்றங்கரையும் வாசற்படியும்

ஆறு பாவத்தைக் கழுவுமா? கழுவும் என்பவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு புறப்படுகிறார்கள். கழுவாது என்பவர்கள் திண்ணையில் உட்கார்ந்து சிரிக்கிறார்கள். இரு சாராரும் தண்ணீரையே பார்க்கிறார்கள். போகிற வழியையும் சற்றுப் பார்க்கலாமே!

அந்தக் காலத்தில் காசிக்குப் போகிறவன் திரும்பி வருவது நிச்சயமில்லை. ஆகவே கடனை அடைத்து, சொல்லவேண்டியவர்களிடம் சொல்லிக்கொண்டு புறப்படுவான். கங்கையைக் காணுமுன்பே பாதி அழுக்கு வீட்டு வாசலில் கழிந்துவிடும். இன்றோ கன்னியாகுமரியிலிருந்து காசிக்கு வாரம் ஒரு ரயில் போகிறது. 2023 டிசம்பரில் தொடங்கியது. சௌகரியம் வந்ததில் குற்றமில்லை. கால் வலித்தால்தான் புண்ணியம் என்று சொல்ல நான் தயாராக இல்லை. ஆனால் திரும்பி வந்துவிடுவோம் என்ற உறுதியோடு, தீர்க்கவேண்டிய கணக்கைத் தள்ளிப்போடும் துணிச்சலும் வந்துவிட்டதல்லவா?

எங்கள் நாட்டுச் சிவாலய ஓட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிவராத்திரிக்கு முந்தின நாள் முன்சிறைத் திருமலையில் புறப்பட்டு, 12 சிவாலயங்களைத் தரிசித்துத் திருநட்டாலத்தில் முடிக்கிறார்கள். சுமார் 100 கிலோமீட்டர் தூரம். கையில் பனையோலை விசிறி. வாயில் ‘கோவிந்தா, கோபாலா’ என்ற கோஷம். சிவனைப் பார்க்க ஓடுகிறவன் திருமாலைக் கூவிக்கொண்டு ஓடுகிறான்! திக்குறிச்சியில் ஆற்றில் குளிக்கிறார்கள். திற்பரப்பில் மறுபடியும் குளிக்கிறார்கள். தக்கலையை ஒட்டிய கல்குளம் நீலகண்டசுவாமி கோயில் ஏழாவது. அங்கே வரும்போது முகத்தில் களைப்புத்தான் இருக்கும், கௌரவம் இருக்காது. வழியில் யார் வீட்டிலோ நீட்டுகிற மோரையும் சுக்குநீரையும் பெயர் கேட்காமல் வாங்கிக் குடிக்கிறார்கள். ஊரில் யாரிடமும் கை நீட்டாத மனிதன், ஓர் இரவு முழுவதும் அந்நியர் தயவில் வாழ்கிறான். யாத்திரை தருகிற முதல் பலன் இதுதான் என்பது என் எண்ணம்.

கங்கையில் ஆடி என்ன பயன் என்று கேட்டவர் அப்பர். அந்த அப்பரே முதுமையில் கயிலைக்கு நடந்தார். கால் தேய்ந்தபின் தவழ்ந்தார், உருண்டார். கடைசியில் அங்கே ஒரு குளத்தில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்தார் என்கிறது பெரிய புராணம். எங்கும் நிறைந்தவனைத் தேடி எங்கும் போகவேண்டாம் என்பது உண்மையே. ஆனால் நடந்து தேய்ந்தவருக்குத்தான் காவிரிக்கரை கயிலையாகத் தெரிந்தது. புறப்படாமலே அந்த உண்மையைப் பேசுகிறவனிடம் ஞானத்தைவிடச் சோம்பலே அதிகம்.

இத்தனையும் சொன்ன பிறகு, கசப்பான கேள்வி ஒன்று மிஞ்சுகிறது. தம்பியின் தென்னந்தோப்பை ஏமாற்றி எழுதி வாங்கிய அண்ணன் ஒருவன் பிரயாகையில் முழுக்குப் போடுகிறான். அவனுக்கு மன்னிப்பு உண்டா? தோப்பு கங்கையுடையது அல்லவே, கங்கை மன்னிப்பதற்கு! மன்னிக்கவேண்டியவன் நாலு வீடு தள்ளிக் குடியிருக்கிறான். ஆயிரம் காதம் போகத் துணிந்த கால்கள் அந்த நாலு வீட்டைக் கடக்கக் கூசுகின்றன. அப்படிப்பட்டவனுக்கு யாத்திரை ஒரு தலைமறைவு வாழ்க்கைதான்.

அப்படியானால் ஆறு எதற்கு? ஆடி அமாவாசையன்று குழித்துறைக்குப் போய்ப் பாருங்கள். கோதையாறும் பறளியாறும் மூவாற்றுமுகத்தில் கலந்து, தாமிரபரணியாக அங்கே வருகின்றன. கரையில் வாவுபலி இட வந்தவர்கள் ஈரத்துணியோடு உட்கார்ந்திருப்பார்கள். தாயின் கடைசி நாளில் பக்கத்தில் இல்லாத மகன் இருப்பான். கணவனிடம் சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தையைச் சுமக்கிற கிழவி இருப்பாள். இவர்கள் எந்த வாசற்படியில் போய் நிற்பார்கள்? அந்த வீட்டுக் கதவு அடைத்தாகிவிட்டது. இறந்தவர்களுக்கு நாம் பட்ட கடனைக் கொண்டுபோய் வைக்க, மனிதன் கண்ட ஒரே வாசல் ஓடுகிற தண்ணீர். வீட்டுக் கிணற்றடியில் அந்தத் துக்கம் இறங்குவதில்லை. ஏனென்றால் கிணற்று நீர் எங்கும் போவதில்லை; ஆறு எடுத்துக்கொண்டு போகிறது.

ஆகவே எனக்குத் தோன்றுகிற நியாயம் இதுதான். இறந்தவர்களிடம் பட்ட கடனோடு ஆற்றங்கரைக்குப் போகலாம். உயிரோடிருப்பவர்களிடம் பட்ட கடனுக்கு அவர்கள் வாசற்படிக்குத்தான் போகவேண்டும். ஒன்றுக்கு மற்றது ஈடாகாது. முழுக்குப் போட்டுத் திரும்பியவன் தம்பி வீட்டுக் கதவைத் தட்டினால், அன்றுதான் அவன் யாத்திரை பூர்த்தியாகிறது. தட்டாவிட்டால், நனைந்தது அவன் வேட்டி மட்டுந்தான்.