தலையெழுத்தும் முதலெழுத்தும்

"அவன் படித்தவர் வீட்டுப் பிள்ளை; மளமளவென்று பேசுகிறான். இவன் பாவம், என்ன செய்வான்? தலையெழுத்து!"

முதல் வகுப்பில் சேரும் இரு குழந்தைகளைப் பார்த்து ஊரார் வழங்கும் தீர்ப்பு இது. வழக்கு விசாரிக்கப்படவில்லை; சாட்சி அழைக்கப்படவில்லை; தீர்ப்பு மட்டும் வந்துவிட்டது!

நாம் விசாரிப்போம், தோழர்களே! பேசும் பிள்ளையின் நெற்றியில் எவரும் தனி மை தொட்டு எழுதவில்லை. மடியில் தவழ்ந்த நாளிலேயே அவனுக்குப் படப்புத்தகம் விரிக்கப்பட்டது, பாட்டுச் சொல்லப்பட்டது, கேட்ட கேள்விக்கு விடை கிடைத்தது. இவனுக்கு அவை கிட்டவில்லை. இது தலையெழுத்தன்று, முதலெழுத்தைக் காட்ட ஆளில்லாத குறை.

எதுகையும் இயைபும் புலவர்க்கு மட்டும் உரிய பொன்னாடைகள் அல்ல. பட்டம், வட்டம், கட்டம் — முதல் ஒலி மாறுகிறது, பொருளும் மாறுகிறது. மற்ற ஒலிகள் அப்படியே நிற்கின்றன. இதைக் கேட்டுச் சிரிக்கும் குழந்தை, சொல் என்பது ஒலிகளால் கட்டிய வீடு என்பதைத் தானே கண்டுகொள்கிறது. ஆங்கிலக் குழந்தைகளை ஆராய்ந்து பிராட்லி, பிரையன்ட் எனும் ஆக்ஸ்போர்டு அறிஞர் இருவர் 1983-இல் வெளியிட்ட முடிவும் இதுவே: நான்கைந்து வயதில் ஒத்த ஒலிகளை இனங்கண்ட பிள்ளைகள், பின்னர் வாசிப்பில் முன்னேறினர். ஒலியோடு எழுத்தையும் சேர்த்துப் பழக்கப்பட்டவர்கள் மேலும் முன்னேறினர். காதுக்குப் பாட்டு, கண்ணுக்குப் படம், இரண்டுக்கும் பாலமாக எழுத்து — மூன்றையும் ஒரே பக்கத்தில் தருவது படப்புத்தகம்.

ஆனால், அந்தப் புத்தகத்தையே கையில் வைத்துக்கொண்டு, "ஒப்பி! ஒரு சொல் பிசகினால் அடி!" என்று மிரட்டினால்? கிளி ஒன்று கிடைக்கும், குழந்தை தொலைந்துபோகும். குடைபிடித்த யானையைக் காட்டுங்கள். "இந்தக் குடை யானைக்குப் போதுமா?" என்று கேளுங்கள். "போதாது" என்றால், "ஏன்?" என்று கேளுங்கள். 1988-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வொன்றில், இப்படி வினவி, குழந்தையின் விடையை வளர்த்துப் பேசப் பெற்றோர் சிலர் பயிற்றப்பட்டனர். ஒரே திங்களில் அவர்தம் பிள்ளைகள் பேச்சில் முந்தினர். சும்மா வாசித்துக் காட்டியோரின் பிள்ளைகள் அவ்வளவு முந்தவில்லை.

சொல்லைக் கொடுத்து, மறுமொழி சொல்லும் உரிமையை மறுப்பது கொடையா? அல்ல, அடக்குமுறை! பதில் பேசத் தெரிந்த குழந்தைதான் நாளை "எதற்கு?" என்று கேட்கும் குடிமகன்.

"தாய்க்கே எழுத்துத் தெரியாதே!" என்பார் உளர். படம் எல்லோர்க்கும் தெரியும். பாட்டு ஒருமுறை கேட்டால் நாவில் நிற்கும். எழுத்தறியாத தாயும் யானையைக் காட்டிக் கேள்வி கேட்கலாம். "வாங்கக் காசில்லையே!" என்றால், அது தாயின் குற்றமன்று; சமுதாயத்தின் கடன். பிரிட்டனில் பர்மிங்காம் நகர், 1992-இல் ஒரு முயற்சி தொடங்கியது. உடல்நலச் சோதனைக்கு வந்த கைக்குழந்தைகளுக்குப் புத்தகமும் வழங்கப்பட்டது. தடுப்பூசி எப்படியோ, அப்படியே புத்தகமும், சலுகையன்று, உரிமை!

புத்தகம் பசியைப் போக்கிவிடாது; வறுமையை ஒழித்துவிடாது. உண்மை. ஆனால், பசிக்கிறது என்று சொல்லவும் சொல் வேண்டும். ஏன் பசிக்கிறது என்று கேட்கவும் சொல் வேண்டும்.

படிப்பகம் நடத்தும் இளைஞனே! பெரியவர் ஏடுகளுக்கு நடுவே பிள்ளைகளின் படப்புத்தகங்களுக்கும் ஒரு தட்டு ஒதுக்கு. மாலையில் நான்கு சிறுவரைச் சுற்றி உட்காரவைத்துப் பக்கத்தைப் புரட்டு. அவர்கள் குறுக்கே பேசட்டும், தடுக்காதே. தலையெழுத்து என்ற பொய், அந்தக் குறுக்குப் பேச்சில்தான் அழியும்.