இதுல சோறு உண்டா?

கிளாரினெட் கற்க ஆசைப்படும் பிள்ளையின் தகப்பனார் புதுச்சேரியில் கேட்கும் முதல் கேள்வி, "இதுல சோறு உண்டா சார்?" கேட்பதில் தப்பில்லை. வீணை, மிருதங்கம் என்றால் சபாவையோ பள்ளிக்கூடத்தையோ காட்டிவிடலாம். கிளாரினெட் என்றால் நம் ஊரில் கல்யாண ஊர்வலத்து பேண்டு செட்தான் கண்ணில் வரும். மிஞ்சினால் போலீஸ் பேண்டு.

ஒரு காலத்தில் அது நன்றாகவே சோறு போட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மகாதேவ நட்டுவனார் அதைச் சதிர் ஆட்டத்தின் பக்கவாத்தியமாகக் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். முகவீணை ஊதிய இடத்தில் வெள்ளைக்காரன் வாத்தியம் வந்து நின்றது. பின்னால் சதிர் பரதநாட்டியமாகி சபா மேடை ஏறியபோது புல்லாங்குழலும் வயலினும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஊதியவர்களின் வித்தையில் குறையில்லை. இடம் போயிற்று, பிழைப்பும் கூடவே போயிற்று. அப்படியிருக்க, இன்றைய கிராக்கியைப் பார்த்து வாத்தியம் தேர்ந்தெடுப்பது எத்தனை நாளைக்கு உதவும்?

திருச்சி கிளாரினெட் வித்வான் ஏ.கே.சி. நடராஜனை நினைத்துப் பார்க்கிறேன். 1931-இல் பிறந்தவர். வானொலி வேலையை விட்டுவிட்டுக் கச்சேரிக்கே வந்தவர். 'கிளாரினெட் எவரெஸ்ட்' என்று பட்டம் கொடுத்தவர் நாதஸ்வரச் சக்கரவர்த்தி டி.என். ராஜரத்தினம் பிள்ளை. பத்மஸ்ரீ வந்தது 2022-இல், தொண்ணூறு வயதில். என்னை யோசிக்க வைப்பது பட்டங்கள் அல்ல. அவர் ஆலத்தூர் வெங்கடேசய்யரிடம் பாட்டும், இலுப்பூர் நடேச பிள்ளையிடம் நாதஸ்வரமும் கற்றவர். ஊதியது கிளாரினெட்டானாலும் சரக்கு வேறிடத்துச் சரக்கு.

அந்தச் சரக்கு இல்லாமல் இந்த வாத்தியம் வசப்படாது. நாதஸ்வரத்தில் காற்றை இறுக்கினால் அதே விரலுக்கு மேல்ஸ்தாயியில் அதே சுரம் வரும். கிளாரினெட்டில் மத்திமஸ்தாயி ஸட்ஜம் பிடித்த விரலுக்கு மேலே பேசுவது தாரஸ்தாயிப் பஞ்சமம்! கைப்பழக்கத்தை நம்பினால் கதை கந்தல். கமகத்துக்கு விரலைத் துளையிலிருந்து மெல்ல நழுவவிட வேண்டும், உதடு ரீடை அழுத்தியும் தளர்த்தியும் கூடவே போக வேண்டும். எவ்வளவு நழுவுவது என்பதைக் கீ சொல்லாது. தொண்டையில் ராகம் இருந்தால் தெரியும்.

சோற்றுக்கு இன்னொரு வழி சொல்லிக்கொடுப்பது. ஆனால் கச்சேரி கிடைக்காதவன்தான் அதற்குப் போவான் என்றொரு இளக்காரம் நம்மிடம் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. ஆடியில் முகூர்த்தம் கிடையாது, மார்கழி வருஷத்துக்கு ஒன்றுதான். இடைப்பட்ட மாதங்களில் அடுப்பெரிவது பல வித்வான்களுக்கு வகுப்பால்தான். கிடைப்பது சம்பளம் மட்டுமில்லை. மேடையில் கண்ணிமைக்கும் நேரத்தில் கடந்துவிடும் ஒரு தோடி காந்தாரத்தை, பையனுக்காக நிறுத்தி, பாடிக் காட்டி, விரலைப் பிரித்துக் காட்டும்போதுதான் தன் கை என்ன செய்கிறது என்று வாத்தியாருக்கே பிடிபடுகிறது. பையன் நாளைக்கு வயலினுக்கோ பாட்டுக்கோ போய்விடலாம். போகட்டுமே, அந்தக் காந்தாரத்தையும் கொண்டுதானே போகிறான்.