கற்றுக் கொடுப்பதா, திருப்பிக் கொடுப்பதா?

போன மாதம் எங்கள் கிளைக் கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. பள்ளி விடுமுறையில் ஓராங் அஸ்லி கிராமம் ஒன்றுக்குப் போய், அங்குள்ள மாணவர்களுக்கு இரண்டு நாள் நடனப் பட்டறை நடத்தலாம் என்று. கோலாட்டம் சொல்லித் தரலாம், சாப்பாடு நம்ம பொறுப்பு. பஸ் செலவை நான் பார்த்துக்கிறேன் என்றார் ஓர் அண்ணன். எல்லாரும் கை தூக்கிவிட்டோம். அப்போது ஐந்தாம் படிவம் படிக்கும் தங்கை ஒருத்தி கேட்டாள்: "அண்ணே, அவங்களுக்குன்னு ஆட்டம் இருக்கும்லே? நாம எதுக்குப் போய் கத்துக்கொடுக்கணும்?"

யாரிடமும் பதில் இல்லை. அவள் கேட்டதில் தப்பும் இல்லை. தெமியார் மக்களிடம் செவாங் இருக்கிறது. மூங்கில் குழாய்களைத் தட்டித் தாளம் எழுப்பிப் பாடி ஆடுவார்கள். அந்தப் பாட்டுகள் கனவில் வந்தவை என்று நம்புகிறார்கள். இது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அவள் கேட்ட கேள்வியை இன்னும் பெரிய அளவில் சந்தித்த நாடு ஒன்று உண்டு. அது ஆஸ்திரேலியா.

1788-ல் ஆங்கிலேயர் அங்கே குடியேறியபோது, பூர்வகுடி மக்களிடம் 250-க்கும் மேற்பட்ட மொழிகள் இருந்தன. நிலம், மொழி, பாட்டு, ஆட்டம் எல்லாம் ஒன்றோடொன்று பின்னியவை. பிறகு, சுமார் 1910 முதல் 1970 வரை, அரசுக் கொள்கையின் பேரில் பூர்வகுடிக் குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு விடுதிகளிலும் மிஷன்களிலும் வெள்ளையர் குடும்பங்களிலும் வளர்க்கப்பட்டார்கள். தாய்மொழி பேசினாலே தண்டனை கிடைத்த இடங்கள் உண்டு. 'திருடப்பட்ட தலைமுறைகள்' என்று அவர்களைச் சொல்கிறார்கள். 2008 பிப்ரவரி 13-ஆம் நாள் பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. பிரித்தவர்களில் பலர் தங்களைக் கெட்டவர்கள் என்று நினைக்கவில்லை. "இந்தப் பிள்ளைங்ககிட்ட ஒண்ணும் இல்ல, நாமதான் எல்லாத்தையும் கொடுக்கணும்" என்று நினைத்தார்கள். கொடுப்பதாக நினைத்துக்கொண்டே பிடுங்கினார்கள்.

இன்று அதே நாட்டில் பூர்வகுடி மாணவர்களுக்கு நடனப் பட்டறைகள் நடக்கின்றன. 1989-ல் தொடங்கிய பங்காரா நடனக் குழுவின் பெயருக்கு, விராட்ஜுரி மொழியில் 'தீ மூட்டுதல்' என்று பொருள். உயர்நிலைப்பள்ளி வயதுப் பூர்வகுடி மாணவர்களுக்கு அது நடத்தும் திட்டத்தின் பெயர் 'மீண்டும் மூட்டுதல்' என்ற பொருள் தருவது. அங்கே பயிற்றுநர் நேராக அடவு சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவதில்லை. பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கதை கேட்கிறார்கள். கேட்ட கதையை உடம்பால் சொல்லிப் பார்க்கிறார்கள். பிறகு அதே ஊர் மக்கள் முன்னால் ஆடிக் காட்டுகிறார்கள்.

இதைத் தானம் என்று சொல்லலாமா? சொல்லக் கூடாது என்றுதான் நினைக்கிறேன். தானத்தில் என்ன கொடுப்பது, எப்போது கொடுப்பது என்று கொடுப்பவர் முடிவு செய்கிறார். கடனில் அப்படி இல்லை. வாங்கியவன் தலை குனிந்து நிற்க வேண்டும். யாருக்குச் சேர வேண்டியதோ அவர்தான் பேச வேண்டும். ஒரு சமூகத்திடமிருந்து ஆட்டத்தைப் பறித்த நாடு, அந்தச் சமூகத்தின் பிள்ளைகளுக்கு ஆட்டப் பட்டறை நடத்தப் பணம் தந்தால் அது தர்மம் ஆகாது. கடன் அடைப்புதான்.

"கலை எல்லாருக்கும் பொதுதானே, இதுல என்ன சொந்தம் கொண்டாடுறது?" என்று சிலர் கேட்பீர்கள். 2010 வான்கூவர் குளிர்கால ஒலிம்பிக்கில் ரஷ்யப் பனிச்சறுக்கு ஜோடி ஒன்று 'பூர்வகுடி நடனம்' என்று ஒன்றை ஆடியது. மதிப்போடுதான் செய்தோம் என்றார்கள். ஆனால் ஆஸ்திரேலியப் பூர்வகுடித் தலைவர்கள் மனம் நொந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அந்த மரபில் ஒவ்வொரு பாட்டும் ஆட்டமும் குறிப்பிட்ட குலத்துக்கும் நிலத்துக்கும் உரியது. அனுமதி கேட்டுத்தான் ஆட வேண்டும். நல்ல எண்ணம் இருந்தால் மட்டும் போதாது. கேட்டிருக்க வேண்டும்.

அப்படியானால் வெளியாள் யாரும் உள்ளே வரவே கூடாதா? அதுவும் இல்லை. கேரல் ஜான்சன் என்ற கறுப்பின அமெரிக்க நடனக் கலைஞர் 1972-ல் ஒரு நடனக் குழுவோடு ஆஸ்திரேலியா வந்தார். சிட்னியில் பூர்வகுடி இளைஞர்களுக்கு அவர் நடத்திய வகுப்புகளிலிருந்து வளர்ந்ததுதான் நைஸ்டா நடனக் கல்லூரி. பங்காராவைத் தொடங்கியவர்களிலும் அவர் ஒருவர். தனக்குத் தெரிந்த நவீன நடனத்தை அவர் கொடுத்தார். ஆனால் நைஸ்டாவில் மரபு நடனத்தைச் சொல்லித் தருபவர்கள் அந்தந்தச் சமூகங்களின் கலைஞர்கள். மாணவர்கள் அந்த ஊர்களுக்கே போய்த் தங்கியும் கற்கிறார்கள். வந்தவர் கதவைத் திறந்தார். வீடு யாருடையது என்பதை மறக்கவில்லை.

இந்தக் கதை நமக்குப் புதுசும் இல்லை. நம்ம பிள்ளைகள் சலங்கை கட்டி ஆடும் பரதத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள் தேவதாசி மரபுக் குடும்பங்களும் நட்டுவனார்களும். 1930-களில் அது புதிய மேடைகளுக்கு வந்தது; 1936-ல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார். 1947-ல் சென்னை மாகாணத்தில் தேவதாசி முறை ஒழிப்புச் சட்டம் வந்தது. கொடுமை ஒழிந்தது நல்லது. ஆனால் கலை மேடையேறிக் கைதட்டு வாங்கிய அதே காலத்தில், அதைக் காத்த குடும்பங்களின் பெண்கள் பலர் தங்கள் குலத்தைச் சொல்லவே கூச்சப்பட்டு மறைந்து வாழ்ந்தார்கள். பாலசரஸ்வதி போன்ற சிலர்தான் தலைநிமிர்ந்து நின்றார்கள். அரங்கேற்ற அழைப்பிதழில் நன்றி சொல்லும்போது அந்த முன்னோரை நினைக்கிறோமா?

மனிதன் பிறக்கும்போதே தேவர், ரிஷி, பித்ரு என்று மூன்று கடன்களோடு பிறக்கிறான் என்கிறது நம் சமயம். ரிஷிக் கடனைப் பணத்தால் அடைக்க முடியாது. கற்று, அடுத்தவருக்குக் கொடுத்துத்தான் அடைக்க வேண்டும். யாரிடமிருந்து வந்தது என்பதை மறைத்துவிட்டுக் கொடுத்தால் அந்தக் கடன் அடையாது, கூடத்தான் செய்யும்.

சரி, எங்கள் பட்டறை என்ன ஆயிற்று? ஓராங் அஸ்லி மக்களின் ஆட்டத்தை நாம் பிடுங்கவில்லை; அந்தக் கடன் நமக்கு நேரடியாக இல்லை. ஆனால் "அவங்ககிட்ட ஒண்ணும் இல்ல" என்ற அந்தப் பழைய எண்ணம் நம் கூட்டத்திலும் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது. நல்லது செய்யப் போகிறோம் என்ற உற்சாகத்தில் அது நம் கண்ணுக்குப் படவில்லை. சின்னப் பிள்ளை கேட்டதால் பிழைத்தோம்.

அடுத்த கூட்டத்தில் திட்டத்தை மாற்றினோம். முதலில் நான்கு பேர் மட்டும் போவது. ஊர்ப் பெரியவர்களைப் பார்த்து, பிள்ளைகளுக்கு என்ன வேண்டும், நாங்கள் வரலாமா என்று கேட்பது. வேண்டாம் என்றால் வணக்கம் சொல்லித் திரும்புவது. வரலாம் என்றால், முதல் நாள் அவர்கள் சொல்லித் தர விரும்புவதை நாம் கற்பது. கோலாட்டக் குச்சி இரண்டாம் நாள்தான் பையிலிருந்து வெளியே வரும்.

உங்கள் கிளையிலும் சேவைத் திட்டம் போடும்போது, பட்டியல் எழுதுவதற்கு முன் அந்தத் தங்கை கேட்ட கேள்வியை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அவங்ககிட்ட ஏற்கெனவே என்ன இருக்கு?