எல்லோரையும் ஒரே மாதிரி நடத்துவது நியாயமா?

"என் வகுப்பில் யார் எந்த இனம், வீட்டில் என்ன மொழி என்றெல்லாம் நான் பார்ப்பதே இல்லை. எல்லோருக்கும் ஒரே பாடம், ஒரே கேள்வித்தாள், ஒரே கெடு." இப்படிச் சொல்லும் ஆசிரியர்கள் அமெரிக்கக் கல்லூரிகளில் நிறையப் பேர் உண்டு. கேட்பதற்கு நேர்மையாகத்தான் இருக்கிறது. பாகுபாடு காட்டாத ஆசிரியர் வேண்டும் என்றுதானே எங்கும் ஒடுக்கப்பட்டவர்கள் கேட்டுவந்திருக்கிறார்கள்? ஆனால் பாகுபாடு காட்டாமல் இருப்பதும் நியாயமாக இருப்பதும் ஒன்றுதானா? ஹிஸ்பானிக் மாணவர்கள், குறிப்பாக லத்தீனா மாணவிகள், உயர்கல்விக்குள் நுழைந்த வரலாறு இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாததாக்குகிறது.

"எல்லோருக்கும் ஒரே அளவுகோல்" என்ற பேச்சு அங்கே எப்படி ஆரம்பித்தது என்று பார்ப்போம். 1940களில் கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில் மெக்சிக்க வம்சாவளிக் குழந்தைகளுக்குத் தனிப் பள்ளிகள் இருந்தன. அவர்களுக்கு ஆங்கிலம் போதவில்லை, அதனால்தான் தனிப் பள்ளி என்று அதிகாரிகள் காரணம் சொன்னார்கள். ஒரே குடும்பத்தைச் சேர்ந்த குழந்தைகளை ஓர் அத்தை பள்ளியில் சேர்க்க அழைத்துப்போனபோது, வெளுத்த நிறமும் வேறு குடும்பப்பெயரும் கொண்ட அவருடைய பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வதாகச் சொன்ன பள்ளி, மெண்டெஸ் என்ற பெயர் கொண்ட அவருடைய சகோதரர் பிள்ளைகளைச் சேர்க்க மறுத்தது. அளவுகோல் மொழி அல்ல, நிறமும் பெயரும்தான் என்பது அங்கே வெளிப்பட்டுவிட்டது. கோன்சாலோ மெண்டெஸ் வழக்குக்காக அலைந்த நாட்களில், பண்ணையை நடத்திக் குடும்பத்தைக் காத்தவர் அவருடைய மனைவி ஃபெலிசிட்டாஸ். 1947இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர்கள் பக்கம் நின்றது.

கதவு திறந்தது. ஆனால் உள்ளே போனவர்களிடம் கல்லூரி எதிர்பார்த்தது என்ன? டெக்சஸில் வளர்ந்த சிகானா எழுத்தாளர் குளோரியா அன்சால்டுவா, 1987இல் வெளிவந்த தன் 'பார்டர்லேண்ட்ஸ்' நூலில் தன் மாணவப் பருவத்தைப் பதிவு செய்திருக்கிறார். பள்ளி இடைவேளையில் ஸ்பானிஷ் பேசியதற்காக அடி. கல்லூரியிலோ சிகானோ மாணவர்கள் எல்லோரும் இரண்டு பேச்சுப் பயிற்சி வகுப்புகளைக் கட்டாயம் எடுக்க வேண்டும். ஆங்கிலத்தில் தொனிக்கும் ஸ்பானிஷ் சாயலைப் போக்குவதுதான் நோக்கம். மாணவியின் நாக்கைத் திருத்தினால் போதும், கல்லூரி எதையும் திருத்திக்கொள்ள வேண்டியதில்லை என்ற நம்பிக்கை அதற்குள் இருக்கிறது.

இன்று நிலைமை மாறியிருக்கிறது என்கிறார்கள். 1992இல் அமெரிக்க உயர்கல்விச் சட்டம் 'ஹிஸ்பானிக் மாணவர்களுக்குச் சேவை செய்யும் நிறுவனம்' என்றொரு வகையை அங்கீகரித்தது. முழுநேரக் கணக்கில் இளங்கலை மாணவர்களில் குறைந்தது 25 சதவீதம் பேர் ஹிஸ்பானிக்காக இருக்க வேண்டும் என்பது அதன் முக்கிய நிபந்தனை. இன்று ஐந்நூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் இந்த வரையறைக்குள் வருகின்றன. நிபந்தனையைக் கவனியுங்கள். எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று எண்ணுகிறது. எத்தனை பேர் தேறி வெளியேறினார்கள், வகுப்பில் எப்படி நடத்தப்பட்டார்கள் என்று கேட்பதில்லை. சேர்த்துக்கொள்வது வேறு, சேவை செய்வது வேறு என்று ஜீனா ஆன் கார்சியா போன்ற ஆய்வாளர்கள் சொல்வது இதனால்தான்.

தேறாமல் போனால் யாரைக் கேட்பது? பொதுவாக மாணவியைத்தான் கேட்கிறோம். அடித்தளம் போதாது, ஆர்வம் இல்லை, குடும்பத்தில் படிப்பின் அருமை தெரியவில்லை. எஸ்டெலா பென்சிமோன் தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் இந்தப் பழக்கத்தை எதிர்த்து வேலை செய்தார். மாணவரிடம் என்ன குறை என்று தேடுவதை நிறுத்திவிட்டு, நம் நடைமுறையில் என்ன குறை என்று ஆசிரியர்கள் தேட வேண்டும் என்பது அவர் முன்வைத்த சமநீதிப் பார்வையின் சாரம். ஓர் ஆசிரியர் தன் வகுப்பின் மதிப்பெண் பட்டியலை இனவாரியாக, பாலினவாரியாகப் பிரித்துப் பார்ப்பது அதன் முதல் படி.

இதற்கு அருமையான உதாரணம் ஒன்று உண்டு. 1970களின் பிற்பகுதியில் பெர்க்கிலியில் கால்குலஸ் வகுப்பில் கறுப்பின மாணவர்கள் அதிகம் தோற்றார்கள். ஊரி டிரைஸ்மன் காரணம் கேட்டபோது சக ஆசிரியர்கள் ஊக்கமின்மை, முன்தயாரிப்புக் குறைவு, குடும்ப ஆதரவின்மை, வறுமை என்று அடுக்கினார்கள். அவர் மாணவர்களோடு இருந்து கவனித்தபோது அவை எதுவும் பொருந்தவில்லை. அந்த மாணவர்கள் தனியாகவே படித்தார்கள். சீன வம்சாவளி மாணவர்கள் கூடிப் படித்தார்கள். டிரைஸ்மன் பாடத்தை எளிதாக்கவில்லை. கடினமான கணக்குகளைக் கூடிப் போடும் பயிலரங்குகளை உருவாக்கினார். முடிவுகள் பெரிதும் மேம்பட்டன. இம்முறை பின்னர் லத்தீனோ மாணவர்களையும் சென்றடைந்தது.

சமநீதி பேசினால் தரம் குறைந்துவிடும் என்பவர்களுக்கு இதுவே பதில். தரம் என்பது மாணவி எட்ட வேண்டிய உயரம். அந்த உயரத்துக்கான படிக்கட்டு சிலர் வீட்டில் மட்டும் இருக்கிறது என்றால், அதை வகுப்பறைக்குக் கொண்டுவருவதால் உயரம் குறைந்துவிடாது. 'ஆபீஸ் அவர்ஸ்' என்பதையே எடுத்துக்கொள்வோம். அந்த நேரத்தில் ஆசிரியரைப் போய்ப் பார்த்துச் சந்தேகம் கேட்கலாம் என்பது பட்டதாரிப் பெற்றோரின் பிள்ளைக்குத் தெரியும். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்தவள், அது ஆசிரியர் தன் வேலையைப் பார்க்கும் நேரம், தொந்தரவு செய்யக் கூடாது என்று நினைத்துக்கொள்ளலாம். ஓர் அசைன்மென்ட் எதற்காக, அதில் என்ன செய்ய வேண்டும், எதை வைத்து மதிப்பெண் என்று தெளிவாக எழுதிக் கொடுப்பதும் இப்படித்தான். யாருக்கும் அதில் இழப்பில்லை. சொல்லாமலே தெரிந்தவர்களின் மறைமுகச் சலுகை மட்டும்தான் போகிறது.

இனி, பெண்ணியவாதிகளான நமக்கு உள்ள சங்கடத்துக்கு வருவோம். லத்தீனா மாணவிகள் பலர் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்கிறார்கள். ஆங்கிலம் தெரியாத பெற்றோருக்கு மருத்துவமனையிலும் அலுவலகத்திலும் மொழிபெயர்க்கிறார்கள். குடும்பம் என்பது அவர்களுக்குப் பலம் என்று டாரா யோசோ 2005இல் எழுதினார். பல மொழி அறிவு, உறவுகளின் துணை, அநீதியை எதிர்க்கும் திறன் எல்லாம் அவர்கள் கொண்டுவரும் செல்வம் என்றார். உண்மைதான். ஆனால் அந்தப் பொறுப்பு மகன் தலையில் அல்லாமல் மகள் தலையில்தான் பெரும்பாலும் விழுகிறது என்பதும் உண்மை. அவளுக்குக் கெடுவை நீட்டித்தால், ஆணாதிக்கம் சுமத்திய வேலையை நாமும் ஏற்றுக்கொண்டதாகாதா? நீட்டிக்காவிட்டால், அந்த வேலைக்காக அவளையே தண்டித்ததாகாதா?

அவளுடைய குடும்பத்துக்குத் தீர்ப்பு எழுதும் அதிகாரம் ஆசிரியருக்கு இல்லை. "உங்கள் பண்பாடு அப்படி" என்று மெச்சுவதும் "உங்கள் வீட்டார் பிற்போக்கு" என்று கடிவதும் ஒரே திமிரின் இரண்டு முகங்கள். அவள் பட்டம் பெற்றால், வீட்டில் எதை ஏற்பது, எதை மறுப்பது என்று முடிவெடுக்கும் வலிமை அவளிடம் கூடும். பாதியில் நின்றுபோனால் பேரம் பேசக் கையில் ஒன்றும் இருக்காது. ஆகவே அவளைப் படிப்பில் நிறுத்திவைப்பதுதான் ஆசிரியரின் பங்கு.

எப்படி நிறுத்துவது என்பதிலும் நியாயம் இருக்கிறது. கேட்பவருக்குச் சலுகை என்றால், கேட்கப் பழகியவர்களுக்கே அது போய்ச் சேரும். அதட்டாமல், அதிகம் கேட்காமல் வளர்க்கப்பட்ட பெண் வாய் திறக்க மாட்டாள். திறந்தாலும் வீட்டுக் கஷ்டத்தையெல்லாம் ஆசிரியர் முன் கொட்டி இரக்கத்தைச் சம்பாதிக்க வேண்டியிருக்கும். குடும்பத்தில் குடியுரிமை ஆவணம் இல்லாதவர் யாரேனும் இருந்தால் உண்மையைச் சொல்வதே ஆபத்து. அதற்குப் பதிலாக, பருவத்துக்கு இரண்டு முறை எல்லோரும் காரணம் சொல்லாமல் தாமதமாகக் கொடுக்கலாம் என்று விதியாகவே எழுதிவிட்டால், யாரும் கெஞ்ச வேண்டியதில்லை. விதி எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் அதை எழுதியவர் மனத்தில், வேறு எங்கும் போக நேரமில்லாத மாணவி இருந்திருக்கிறாள்.

இன்னொரு காரணமும் உண்டு. தனிப்பட்ட இரக்கத்தை நம்பி இயங்கும் கல்லூரியில் அந்த இரக்கத்தைச் சுரப்பது யார்? மாணவிகள் தேடிப் போவது பெண் ஆசிரியர்களை, அதிலும் தங்களைப் போன்ற லத்தீனா ஆசிரியர்களை. அழுகையைக் கேட்பதும் ஆறுதல் சொல்வதும் பரிந்துரைக் கடிதம் எழுதுவதும் பதவி உயர்வுக் கணக்கில் பெரிதாக வருவதில்லை. ஒப்பந்தத்தில் வேலை செய்பவருக்கு அதற்குச் சம்பளமும் கிடையாது. ஒரு பெண்ணை மேலேற்ற இன்னொரு பெண்ணின் கூலியில்லா உழைப்பைச் சுரண்டுவதை நாம் சமநீதி என்று அழைக்க முடியாது. கல்லூரி அந்த வேலைக்கு நேரமும் ஊதியமும் மதிப்பும் தர வேண்டும். ஆண் ஆசிரியர்களும் அதில் பங்கெடுக்க வேண்டும்.

எல்லோரையும் ஒரே மாதிரி நடத்துவது தவறு என்று நான் சொல்லவில்லை. அந்த 'ஒரே மாதிரி' யாரை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது என்று கேட்காமல் விடுவதுதான் தவறு. வீட்டில் வேறு வேலை இல்லாத, ஆங்கிலம் பேசும், அப்பாவும் அம்மாவும் கல்லூரி கண்ட ஓர் இளைஞனை வைத்து அது வகுக்கப்பட்டிருந்தால், அதைக் கடைப்பிடிக்கும் ஆசிரியர் எவ்வளவு நல்லவரானாலும் நடுநிலையாளர் அல்லர். இந்தக் கேள்வியை மாணவிகளே வகுப்பில் கேட்கலாம். கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு.