துப்பாக்கி எங்கே தூங்கும்?

ஜோஹானஸ்பர்க் ஓ.ஆர். டாம்போ விமான நிலையத்தில் ஒரு முழு ராத்திரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். துபாயிலிருந்து வந்த விமானம் தாமதம். விண்ட்ஹூக் போகும் கடைசி விமானம் கிளம்பிவிட்டது, அடுத்தது காலையில்தான். நமீபியாவில் ஒரு வங்கிக்கு இரண்டு வார மென்பொருள் வேலை. அதற்கான விசா இருந்தது. தென்னாப்பிரிக்க விசா இல்லை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவன் அது இல்லாமல் வெளியே காலடி வைக்க முடியாது. ஏர்லைன்காரர்கள் கொடுத்த ஹோட்டல் கூப்பனைப் புத்தகத்துக்குள் செருகிக்கொண்டேன், பக்க அடையாளத்துக்கு ஆகும்.

இரண்டு நாற்காலி தள்ளி ஓர் அமெரிக்கர். அறுபதைத் தாண்டியவர், டெக்சாஸ்காரர், பள்ளிப் பேருந்துகளுக்கு மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவர். அட்லாண்டாவிலிருந்து வந்து அதே விமானத்தைத் தவறவிட்டிருந்தார். அவருக்கு விசா வேண்டியதில்லை. ஹோட்டலில் போய்ப் படுக்கலாமே என்றேன்.

"நான் வெளிய போனா பெட்டியும் வெளிய வந்துரும்னு கவுண்டர்ல சொல்றாங்க. அதுல துப்பாக்கி இருக்கு. அது ராத்திரி எங்க தூங்கும்?"

ஓரிக்ஸ் வேட்டைக்குப் போகிறார். நான்கு வருஷம் சேர்த்த காசு.

வேட்டைத் துப்பாக்கியோடு நாடு விட்டு நாடு போவதில் இவ்வளவு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தோட்டா இல்லாத துப்பாக்கியைப் பூட்டிய கெட்டிப் பெட்டியில் வைக்க வேண்டும். தோட்டா ஆளுக்கு 5 கிலோவுக்கு மேல் கூடாது. அமெரிக்காவை விட்டுக் கிளம்பும் முன்பே சுங்கத் துறையிடம் காட்டி 4457 என்ற படிவத்தில் முத்திரை வாங்க வேண்டும், இல்லாவிட்டால் திரும்பும்போது அது தன் துப்பாக்கிதான் என்று நிரூபிக்கத் திண்டாட வேண்டியிருக்கும். தென்னாப்பிரிக்காவுக்குள் ஒரே ஒரு ராத்திரிக்குக் கொண்டுபோவதென்றாலும் அந்நாட்டுப் போலீஸின் தற்காலிக அனுமதி வேண்டும். படிவத்தின் பெயர் எஸ்.ஏ.பி.எஸ். 520. கறுப்பு மையில் நிரப்ப வேண்டும், கையெழுத்தை மட்டும் அதிகாரி கண் முன்னால் போட வேண்டும். இந்த ஒரு ராத்திரியை நம்பியே விமான நிலையத்தைச் சுற்றி, துப்பாக்கிப் பெட்டகம் உள்ள விடுதிகள் நடக்கின்றன.

ஆனால் அந்த அனுமதியை வந்து இறங்கிய இடத்திலேயே விண்ணப்பித்து வாங்கலாம். எனக்கு அந்த வசதி கிடையாது. சுடக்கூடிய ஒரு சாமானுக்கு வாசலிலேயே வழி இருக்கிறது, லேப்டாப் வைத்திருக்கும் எனக்கு இல்லை. இந்த எரிச்சலை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். ஏனென்றால் அடுத்து எனக்குள் வந்த ஆசை அதிலிருந்துதான் வந்தது. இவருக்கு ஏதாவது சிக்கல் வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஒரு படிவம் குறைய வேண்டும், ஒரு சீரியல் எண் தவறாக இருக்க வேண்டும். ஒரு விலங்கைக் கொல்ல அரை உலகம் சுற்றி வருகிறவருக்கு அதுகூட இல்லையென்றால் எப்படி?

"நியூவார்க் மாதிரி ஆயிடக் கூடாது" என்றார் நடுவில். என்ன அது என்று போனில் தேடினேன். 2005-இல் யூட்டாவைச் சேர்ந்த ஒருவர் பென்சில்வேனியாவுக்குப் பயணம் செய்கிறார். வேட்டைக்காரர் இல்லை, பெட்டிக்குள் முறைப்படி அறிவித்த கைத்துப்பாக்கி. விமானம் தாமதமாகி, நியூவார்க்கில் இணைப்பு விமானம் தவறிவிடுகிறது. பெட்டி அவர் கைக்கு வந்துசேர்கிறது. ராத்திரி பக்கத்து ஹோட்டலில் தங்குகிறார். காலையில் செக்-இன் கவுண்டரில், விதிப்படி, துப்பாக்கி இருக்கிறது என்று தானாகவே சொல்கிறார். கைது. நியூஜெர்சி உரிமம் அவரிடம் இல்லை. சில நாள் சிறை. பிறகு வழக்கு கைவிடப்பட்டது.

துப்பாக்கியோடு மாநிலங்களைக் கடப்பவர்களைக் காக்க 1986-இல் வந்த ஒரு கூட்டாட்சிச் சட்டம் இருக்கிறது. துப்பாக்கி கைக்கெட்டாத இடத்தில் இருந்தால்தான் அது காக்கும். ஹோட்டல் அறையில் அது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, எனவே பாதுகாப்பு இல்லை என்று 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. இந்த நிலைமைக்கு அவர் காரணமல்ல என்பதையும் ஒப்புக்கொண்டது. பெட்டியை வாங்குவதற்கு முன்பே போலீஸிடம் சொல்லி, இரவுக்கு வைத்துக்கொள்ளக் கேட்டிருக்கலாம் என்று யோசனையும் சொன்னது.

நாங்கள் மென்பொருளில் 'ஹேப்பி பாத்' என்போம், எல்லாம் ஒழுங்காக நடந்தால் பயனர் போகும் பாதை. அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் பயணத்தை ஒரு கோடாக நினைத்திருக்கிறார்கள். கோட்டின் நடுவில் ஒரு ராத்திரி விழும் என்று நினைக்கவில்லை. நான் எழுதிய நிரலிலும் இப்படிப்பட்ட ராத்திரிகள் உண்டு. ஒருமுறை ஒரு பென்ஷன் தொகுதியில், பழைய கணக்கை மூடி புதியதைத் திறப்பதற்குள் மாதம் மாறிவிட்டவர்களுக்குப் பணம் போகவில்லை. அவர்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்படியென்றால் இவருக்கு அதே பள்ளம் வர வேண்டும் என்று ஏன் விரும்பினேன்? அவர் செய்யப்போவது தப்பு என்று நான் நினைப்பதால். ஆனால் அந்தத் தப்பை நான் அவரிடம் சொல்லவில்லையே. படிவம் சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். துப்பாக்கி சுலபமாக எல்லை தாண்டக் கூடாது என்பதில் எனக்கு இப்போதும் சந்தேகமில்லை, அதற்குக் கட்டுப்பாடு வேண்டும். கட்டுப்பாடு ஆளைப் பார்த்து, அவன் போகும் காரியத்தைப் பார்த்துக் கடிக்க வேண்டும் என்று எதிர்பார்த்ததுதான் என் கோளாறு. 2015-இல் ஜிம்பாப்வேயில் சிசில் என்ற சிங்கம் கொல்லப்பட்டபோது டெல்டா ஏர்லைன்ஸ், சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், எருமை ஆகியவற்றின் வேட்டைச் சின்னங்களை ஏற்ற மாட்டோம் என்று அறிவித்தது. அதோடு உடன்படலாம், சண்டை போடலாம், ஆனால் அது வாய்விட்டுச் சொன்ன முடிவு. நான் விரும்பியது, சொல்லாமலே யாரோ ஒருவர் மாட்டிக்கொள்வதை.

அதனால் கேட்டேன். "அதைக் கொல்லாம இருக்க முடியாதா?"

அவர் கோபப்படவில்லை. கறி வீணாகாது, பணம் அந்த ஊருக்குப் போகும் என்றார். நமீபியாவில் 1996 சட்டத்துக்குப் பிறகு உள்ளூர்ச் சமூகங்களே காட்டுயிர்களை நிர்வகிக்கின்றன, வேட்டை வருமானமும் அவர்களுக்கு வருகிறது. அவர் சொன்னதில் பாதி உண்மை என்று எனக்குத் தெரியும். "பணத்தை மட்டும் அனுப்பலாமே" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அனுப்ப மாட்டேன். அதுதான் நிஜம்" என்றார். அப்புறம், நீ கறி சாப்பிடுவாயா என்று கேட்டார். சாப்பிடுவேன். அவ்வளவுதான், இரண்டு பேரும் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டோம்.

காலை விமானத்தில் ஒன்றாகவே போனோம். விண்ட்ஹூக்கில் என் பெட்டி வந்துவிட்டது. அவருடையது வரவில்லை. துப்பாக்கியைப் பட்டையில் போடாமல் தனியாகக் கொண்டுவந்து தருவார்கள் என்று போலீஸ் மேசைப் பக்கம் போய் நின்றார். பட்டை நின்றது. யாரும் எதையும் கொண்டுவரவில்லை. ராத்திரி நான் ஆசைப்பட்டது கிட்டத்தட்ட அப்படியே நடந்திருந்தது. எங்கோ ஒரு ஓரிக்ஸுக்கு ஒரு நாள் கூடியிருக்கலாம். அதை நினைத்து லேசாகச் சந்தோஷம் வந்தது, பொய் சொல்லவில்லை. அவர் அந்த 4457 படிவத்தைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுப்பதும் திரும்ப வைப்பதுமாக நின்றார்.

வெளியே காத்திருந்த டிரைவருக்குப் போன் செய்து இன்னும் பத்து நிமிஷம் ஆகும் என்றேன்.