தீனி டப்பா யார் கையில்?

மீன்தொட்டி உள்ள வீடுகளில் பார்த்திருப்பீர்கள். கண்ணாடியில் பாசி படிந்துவிட்டதென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன்களை வாளிக்கு மாற்றி, தண்ணீரை அடியோடு கொட்டி, கல்லையும் மணலையும் குழாயடியில் அலசி, தொட்டியைப் பளபளவென்று தேய்த்து நிரப்புவார்கள். இரண்டு வாரத்தில் பாசி திரும்ப வந்துவிடும். சில வீடுகளில் அதற்குள் மீனே செத்து மிதக்கும்.

பாசி வளர வெளிச்சமும் உரமும் வேண்டும். இரண்டையும் நாம்தான் கொடுக்கிறோம். ஆளைக் கண்டதும் மீன் கண்ணாடி ஓரம் ஓடி வருகிறது. பாவம், பசிக்கிறது போல என்று அப்பா ஒரு சிட்டிகை போடுகிறார்; பள்ளிவிட்டு வந்த பிள்ளை ஒரு சிட்டிகை, தாத்தா ஒரு சிட்டிகை. தின்றது போக மிச்சம் மணலில் இறங்கி அழுகுகிறது. அதுவும் மீனின் கழிவும் சேர்ந்து அம்மோனியாவாகி, பிறகு நைட்ரேட்டாகி நீரில் தங்குகிறது. வயலுக்கு இடுகிறோமே, அதே தழைச்சத்து. தீனியில் மணிச்சத்தும் உண்டு. போதாததற்கு, கூடத்துக்கு அழகென்று நள்ளிரவு வரை எரியும் விளக்கு வேறு.

அம்மோனியா மீனுக்கு நஞ்சு. அதை மாற்றித் தருபவை ஃபில்டர் பஞ்சிலும் மணலிலும் குடியிருக்கும் நுண்ணுயிர்கள். அவற்றைக் குழாய்த் தண்ணீரின் குளோரின் கொன்றுவிடும். தேய்த்துக் கழுவிய தொட்டியில் மீன் சாவது பல நேரம் இதனால்தான். வாரத்துக்கு ஒருமுறை கால் பங்கு நீரை மட்டும் மாற்றுங்கள். வெளியே எடுத்த அந்தப் பழைய நீரிலேயே பஞ்சைப் பிழிந்து அலசுங்கள். புதிதாக ஊற்றும் நீரில் குளோரின் நீக்கும் மருந்தைக் கலந்துகொள்ளுங்கள்.

பாசியைத் தின்னும் என்று கடையில் சக்கர் மீன் தருவார்கள். விரல் நீளத்தில் வாங்குவது ஓரடிக்கு மேல் வளரும். அது போடும் கழிவே பாசிக்கு உரம். தொட்டி கொள்ளாமல் போனதும் சிலர் அதை ஏரியில் விட்டுவிடுகிறார்கள். தென்னமெரிக்காவிலிருந்து வந்த மீன் அது. நம் நீர்நிலைகளில் பெருகி, நாட்டு மீன்களின் இரைக்கும் இடத்துக்கும் போட்டியாகிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். சக்கர் மீனுக்குப் பதில் வேலம்பாசி நாலு கொத்து நடலாம். பெயரில்தான் பாசி, உண்மையில் அது பூக்கும் செடி. தொட்டியில் உள்ள சத்தைத் தான் இழுத்துக்கொண்டு பாசியைப் பட்டினி போடும்.

விளக்கு எட்டு மணி நேரம் எரிந்தால் போதும். தீனி, மீன் இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்கு. வளர்ந்த மீன் ஒருநாள் தீனி இல்லாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது. வீட்டில் பொறுப்பான ஒருவர் கையில் இன்றைக்கே தீனி டப்பாவைக் கொடுத்துவிடுங்கள்.