பேச்சு யாரிடம் இருக்கிறது

பத்துப் பேர் சேர்ந்து ஒரு வேலையைத் தொடங்கும்போது, அதைப் பற்றி எங்கே பேசிக்கொள்வது என்ற கேள்விக்கு நாம் செலவழிக்கும் நேரம் பெரும்பாலும் ஒரு நிமிடத்தைத் தாண்டுவதில்லை. எல்லோரும் ஏற்கெனவே எதில் இருக்கிறார்களோ அதிலேயே ஒரு குரூப்பைத் திறந்துவிடுகிறோம். சில மாதங்கள் போனால் அந்த வேலையின் நினைவு முழுவதும் அதற்குள் போய்ச் சேர்ந்துவிடுகிறது: யார் எதற்கு ஒப்புக்கொண்டார், எந்த யோசனை ஏன் கைவிடப்பட்டது, கணக்கில் விட்டுப்போன தொகையை யார் கண்டுபிடித்தார். வேலையின் விளைபொருளை நாம் கவனமாகப் பார்த்துக்கொள்கிறோம். அது உருவான பேச்சை மட்டும் யாரோ ஒருவருடைய சர்வரில் விட்டுவிட்டு வந்துவிடுகிறோம்.

கணினி பழகாதவர்கள்தான் இப்படிச் செய்வார்கள் என்று நினைக்க வேண்டாம். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலை எழுதியவர்களே செய்தார்கள். உலகெங்கும் சிதறிக்கிடந்த நிரலாளர்கள் அனுப்பும் திருத்தங்களைத் தொகுக்க முடியாமல் திணறிய, லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், 2002-ல் பிட்கீப்பர் என்ற மென்பொருளுக்கு மாறினார். அப்போது அதன் மூல நிரல் மூடப்பட்டிருந்தது. உரிமை பிட்மூவர் என்ற நிறுவனத்திடம் இருந்தது. கெர்னல்காரர்களுக்கு அது இலவசமாகக் கிடைத்தது, முக்கியமான ஒரு நிபந்தனையுடன்: பயன்படுத்துகிறவர்கள் அதற்குப் போட்டியான கருவி எதையும் உருவாக்கக் கூடாது. யாரும் படிக்கவும் மாற்றவும் பகிரவும் கூடிய கட்டற்ற மென்பொருளுக்காக இயக்கம் நடத்திய ரிச்சர்ட் ஸ்டால்மன் இதைக் கண்டித்தபோது, காரியம் நடக்க வேண்டியவர்களுக்குக் கொள்கைக்காரர்களின் பேச்சு எப்படிப் படுமோ அப்படித்தான் பட்டது. கருவி நன்றாக வேலை செய்தது என்பதும் உண்மை.

2005-ல் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் என்ற ஆஸ்திரேலிய நிரலாளர், பிட்கீப்பர் தன் சர்வருடன் எப்படிப் பேசிக்கொள்கிறது என்று தானே ஆராய்ந்து ஒரு சிறு நிரலை எழுத முயன்றார். நிறுவனம் இலவச உரிமத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இவ்வளவு பெரிய கோபத்துக்குக் காரணமான ஆராய்ச்சி எத்தகையது என்பதைப் பின்னர் ஒரு மாநாட்டு மேடையில் ட்ரிட்ஜெல் செய்து காட்டினார். டெல்நெட் வழியாக சர்வருடன் இணைந்து ‘ஹெல்ப்’ என்று தட்டினார். அது தனக்குத் தெரிந்த கட்டளைகளை எல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டது.

அந்த ஏப்ரலில், கருவியில்லாமல் நின்ற டோர்வால்ட்ஸ் சில நாட்களில் எழுதிய முதல் வடிவம்தான் கிட். பட்ட பாடு அதன் அமைப்பிலேயே தெரியும். ஒரு திட்டத்தைப் பிரதி எடுக்கும் ஒவ்வொருவரின் கணினியிலும் அதன் வரலாறு முழுவதும் வந்து உட்கார்ந்துவிடும். நடுவில் இருந்துகொண்டு யாரும் யாரையும் வெளியேற்ற முடியாது. ஆனால் அப்படி ஒரு கருவி கைக்கு வந்த மூன்றே ஆண்டுகளில், நடுவில் ஒருவர் இருந்தால் வசதியாக இருக்கிறதே என்று நமக்குத் தோன்றிவிட்டது. கிட் திட்டங்களை ஒரே இடத்தில் வைக்கும் தளமாக 2008-ல் வந்த கிட்ஹப்பில் கட்டற்ற மென்பொருள் உலகின் பெரும்பகுதி குடியேறியது. 2018-ல் மைக்ரோசாஃப்ட் அதை 750 கோடி டாலர் மதிப்புக்கு வாங்கியது. யாரும் தனியே சொந்தம் கொண்டாட முடியாதபடி செய்யப்பட்ட ஒன்றைச் சுற்றி இவ்வளவு பெரிய சொத்து எழ முடியும் என்பதைக் கணக்கறிந்தவர்கள் முன்பே அறிந்திருப்பார்கள் போலும்.

நிரலைப் பொறுத்தவரை இதனால் பெரிய மோசமில்லை. அதைச் சில நிமிடங்களில் வேறிடத்துக்கு எடுத்துப்போய்விடலாம். உடன் வராதது பேச்சு. பிழை ஒன்றைக் குறித்து இரண்டு ஆண்டுகளாக நடந்த வாதம், ஒரு திருத்தம் ஏன் ஏற்கப்படவில்லை என்ற விளக்கம், புதிதாக வந்த மாணவனுக்கு மூத்தவர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்த நாற்பது வரிகள் ஆகியவை கிட்டுக்குள் இல்லை, நிறுவனத்தின் தரவுத்தளத்தில் இருக்கின்றன. 2019-ல் அமெரிக்கத் தடைகளைக் காரணம் காட்டி ஈரான், சிரியா, கிரிமியா நிரலாளர்களின் கணக்குகளை கிட்ஹப் கட்டுப்படுத்தியபோது இந்த வேறுபாடு அவர்களுக்குப் புரிந்திருக்கும். 2021-ல் அமெரிக்க அரசிடம் உரிமம் பெற்று ஈரானியர்களுக்கு அது மறுபடி திறந்துவிடப்பட்டது. நல்ல முடிவுதான். ஆனால் சக நிரலாளரோடு பேசுவதற்கு வாஷிங்டனின் அனுமதி தேவைப்பட்டது என்ற செய்தியும் அந்த நல்ல முடிவுக்குள்ளேயே இருக்கிறது.

உரையாடலுக்கென்றே வந்த கருவிகளில் இது இன்னும் பச்சையாகத் தெரிகிறது. ஸ்லாக்கை இலவசமாகப் பயன்படுத்திய குழுக்களுக்கு 2022 செப்டம்பரிலிருந்து தொண்ணூறு நாட்களுக்கு முந்தைய பேச்சு கண்ணில் படாமல் போனது. 2024-ல் இலவசக் குழுக்களின் ஓராண்டுக்கு மேற்பட்ட பேச்சுகள் அடியோடு நீக்கப்படும் என்று அறிவித்தார்கள். இலவசத் திட்டத்தில் இருப்பவர்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வெளியேறலாம் என்று பார்த்தால், பொது சேனல்களில் பேசியது மட்டுமே கைக்கு வரும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. எப்போதும் வைத்திருப்போம் என்று அவர்கள் வாக்குக் கொடுக்கவில்லை. நாமாக நினைத்துக்கொண்டது அது. 2025-ல் குபர்நெடீஸ் என்ற மாபெரும் கட்டற்ற மென்பொருள் திட்டத்துக்கும் ஸ்லாக்கில் இருந்த சலுகை முடியப்போவதாகத் தகவல் வந்தது. சில நாட்கள் பரபரப்புக்குப் பின் முடிவு மாற்றிக்கொள்ளப்பட்டது. உலகின் எத்தனையோ சர்வர்களை இயக்கத் தெரிந்த சமூகம் அரட்டைக்கு மட்டும் அடுத்தவர் தயவில் இருந்திருக்கிறது.

நம் பக்கத்திலும் பார்க்கலாம். குஜராத்தின் வாடினாரில் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜியில் ரஷ்யாவின் ரோஸ்நெஃப்ட்டுக்குப் பங்கு உண்டு. 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் நயாராவைத் தடைப்பட்டியலில் சேர்த்த சில நாட்களில் அங்கே மைக்ரோசாஃப்ட் சேவைகள் நின்றுபோயின. முழுப் பணம் கட்டி வாங்கிய உரிமங்கள் என்று நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அதன் பிறகு சேவை திரும்பியது. அதே ஆண்டு மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் தாம் ஜோஹோவுக்கு மாறுவதாக அறிவித்தார். ஜோஹோவின் ‘அரட்டை’ என்ற செயலியை மக்கள் தேடித் தேடி இறக்கினார்கள். தென்காசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்தும் உலகத்துக்கு மென்பொருள் செய்ய முடியும் என்று காட்டிய நிறுவனம் அது. நமக்கு அதில் பெருமை இருப்பது இயல்பு. ஆனால் சாவி நம்மூர்க்காரரிடம் இருக்கிறது என்பதும் சாவி நம்மிடம் இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. ஜோஹோவின் மூல நிரலும் மூடியதுதான். சுதேசி என்ற உணர்ச்சி சுதந்திரம் என்ற ஏற்பாட்டின் இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்வது நமக்குப் புதிதுமல்ல.

அப்படியானால் கட்டற்ற மென்பொருளுக்கு மாறிவிடலாமே என்று கேட்கலாம். கருவிகளுக்குப் பஞ்சமில்லை. மேட்டர்மோஸ்ட், ராக்கெட்.சாட், நெக்ஸ்ட்கிளவுட், மேட்ரிக்ஸ், ஜிட்சி என்று அடுக்கிக்கொண்டே போகலாம். 2014-ல் டிராப்பாக்ஸ் வாங்கிய ஸூலிப், அடுத்த ஆண்டே மூல நிரல் திறக்கப்பட்டதால் இன்றும் வளர்கிறது. 2009-ல் ஈதர்பேடை நடத்திய நிறுவனத்தை கூகுள் வாங்கி, சேவையை மூடுவதாகச் சொன்னபோது எழுந்த எதிர்ப்பில் அதன் நிரல் பொதுவெளிக்கு வந்தது. சேர்ந்து எழுதுவதற்கு இன்னமும் அதன் வழித்தோன்றலை நம்பியிருப்போர் பலர். உரிமையாளர் மனம் மாறினாலும் நிரல் பிழைத்துக்கொள்ளும் என்பதற்கு இவை சாட்சி. (திறந்த மூலம் என்று பலகை மாட்டிவிட்டு, நிர்வாகத்துக்கு அவசியமான வசதிகளை விலைப்பதிப்பில் மட்டும் வைக்கும் நிறுவனங்களும் உண்டு. உரிமத்தைப் படித்துப் பார்ப்பது நல்லது.)

சிக்கல் கருவியில் இல்லை, பராமரிப்பில் இருக்கிறது. ஊர் ஏரியைத் தூர்வாரி, கரையைப் பலப்படுத்தி, மதகைச் சரிபார்ப்பதற்கு அந்த நீரால் பிழைத்தவர்கள் வீட்டுக்கு ஒரு ஆள் அனுப்பிய குடிமராமத்து முறையை நாம் பெருமையாகப் பேசுகிறோம். நமக்கென்று வைத்துக்கொண்ட சர்வரும் அப்படியொரு பொதுச்சொத்துதான், ஆனால் அதற்கு ஆள் அனுப்ப வீடுகள் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு சிறு தன்னார்வக் குழுவில் பொறியாளர் ஒருவர் இருந்தார். கட்டற்ற மென்பொருளில் பற்றுள்ளவர். குழுவுக்கென்று ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்தார், வாடகை அவர் கார்டிலிருந்து போனது. எல்லோரும் தூங்கிய பிறகு அப்டேட் போடுவார். மற்றவர்களிடமிருந்து அவருக்கு வந்தவை இரண்டே வகைச் செய்திகள்: “ப்ரோ, நோட்டிஃபிகேஷன் வரலை”, “ப்ரோ, பாஸ்வேர்ட் மறந்துடுச்சு”. அவருக்கு வேலை மாறியது, வீட்டில் குழந்தை பிறந்தது. ஒரு நாள் சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகி, தளத்தைத் திறந்தவர்களுக்கு பிரவுசர் சிவப்பாக ஓர் எச்சரிக்கையைக் காட்டியது. “சர்வர் டவுன், இங்கேயே பேசிக்கலாம்” என்று வாட்ஸ்அப்பில் யாரோ எழுத, பதினான்கு பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். உள்ளே இருந்த பேச்சு என்னவாகும் என்று யாரும் கேட்கவில்லை. அந்தப் பொறியாளருக்கு உடம்பு சரியில்லையோ என்றும் யாரும் விசாரிக்கவில்லை.

பராமரிப்பவரைக் கண்டுகொள்ளாத இதே குணம் பெரிய அளவில் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2024 மார்ச்சில் பார்த்தோம். எக்ஸ்ஸெட் என்ற சிறிய சுருக்க மென்பொருளைப் பல ஆண்டுகளாகத் தனியாளாக, சம்பளமில்லாமல் பராமரித்துவந்தார் ஒருவர். திருத்தங்கள் தாமதமாகின்றன என்று முன்பின் தெரியாத பெயர்களிலிருந்து அவருக்கு நெருக்கடி வந்தது. மனநலச் சிரமம் இருப்பதாக அவர் வெளிப்படையாகச் சொன்ன பிறகும் அது ஓயவில்லை. கடைசியில் உதவிக்கு வந்த அன்பான ஒரு கையிடம் பொறுப்பைப் பகிர்ந்துகொண்டார், அந்தக் கைதான் மென்பொருளுக்குள் கள்ளவழியை வைத்தது. சர்வரில் நுழைய அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று சந்தேகப்பட்டுத் தோண்டிய ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ன்ட் கண்ணில் படாதிருந்தால் உலகின் பல சர்வர்களுக்குள் அது போயிருக்கும். அவர் சம்பளம் வாங்கியது மைக்ரோசாஃப்ட்டில். தாக்கியவர்கள் கையிலெடுத்த முதல் ஆயுதம் நமக்கும் நன்றாகப் பழகிய கேள்விதான்: ‘இன்னும் ஏன் ஆகவில்லை?’

காசு வாங்குகிற நிறுவனத்திடம் நாம் இவ்வளவு கடுமையாக இருப்பதில்லை. ஆளுக்கு இத்தனை டாலர் என்று மாதாமாதம் கட்டுகிற அலுவலகத்தில், அதில் பத்தில் ஒரு பங்கைக் கட்டற்ற மென்பொருளைப் பராமரிப்பவருக்குக் கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால், இலவசம் என்றுதானே சொன்னார்கள் என்ற பதில் வரும்.

கட்டற்ற மென்பொருளுக்கான மாற்றம் நிலைத்த இடங்களில், பராமரிப்பு யாருடைய தியாகமாகவும் விடப்படவில்லை, யாரோ ஒருவருடைய உத்தியோகமாக இருந்தது. பிரெஞ்சு அரசு தன் ஊழியர்களுக்காக மேட்ரிக்ஸ் அடிப்படையில் 2019-ல் கொண்டுவந்த ட்சாப்புக்குப் பின்னால் ஓர் அரசுத் துறை இருக்கிறது. கேரளப் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருள் வேரூன்றியதற்கு, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கணினி பழுதானால் கேட்க ஆள் வைத்த அரசு அமைப்பு காரணம். இத்தனையும் இருந்தும் சறுக்கலாம். மியூனிக் நகராட்சி பத்தாண்டுக்கு மேல் உழைத்து லினக்ஸுக்கு மாறிவிட்டு, 2017-ல் விண்டோஸுக்கே திரும்ப முடிவெடுத்தது. மாறுவதற்கு ஒரு கவுன்சில் முடிவு போதுமென்றால், திரும்புவதற்கும் ஒன்று போதும்.

நான் சொன்ன குழு பிறகு ஒருவாறு சமாளித்துக்கொண்டது. பொறியாளர் ஒரு மாலை உட்கார்ந்து பழைய பேச்சை எல்லாம் ஒரு கோப்பாக இறக்கிக் கொடுத்தார். சர்வர் வாடகையை இப்போது நான்கு பேர் பங்குபோடுகிறார்கள், பாஸ்வேர்ட் இரண்டு பேரிடம் இருக்கிறது. தீர்மானங்கள் சர்வரில், அரட்டை வாட்ஸ்அப்பில் என்று பிரித்திருக்கிறார்கள். ஆனால் அரட்டையின் நடுவில்தான் தீர்மானங்கள் பிறக்கின்றன என்பதால், அவற்றைப் பிரதி எடுத்து சர்வரில் ஏற்றுவதற்கு வாரம் ஒருவர் என்று முறைவைத்திருக்கிறார்கள். போன வாரம் யாருடைய முறை என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது.